தாளில் நிற்கும் மலை

நுழையும்முன்

ஒரு நிலத்தின் மேடும் பள்ளமும், ஓடையும் வழியும் அளவு மாறாமல் ஒரு தாளில் அடங்குவதே தலப்படம். அது சொல்வதையும் சொல்லாததையும் பகுத்தறிதல் இன்றியமையாதது. பொன் தேடிய மலையொன்றின் வரலாறு இதனை உணர்த்துகிறது.

முக்கோணங்களால் அளந்த நாடு

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே 79 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு செல்கிறது. அதனால், தலப்படங்களின் மரபான எண்வரிசையில் பெரம்பலூர் ‘58 ஐ’ தாளிலும் அரியலூர் ‘58 எம்’ தாளிலும் அமைந்துள்ளன. அதே வரிசையில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் ‘58 ஏ’ தாளில் உள்ளது. இவ்வொழுங்கிற்கு அடித்தளமிட்டது, 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய முக்கோண அளவை. தரையில் ஒரு கோட்டின் நீளத்தை நுட்பமாக அளந்துகொண்டு, பின்னர்க் குன்றுகளிலிருந்தும் கோபுரங்களிலிருந்தும் கோணங்களை அளந்து, ஏனைய தொலைவுகளைக் கணக்கிடுவதே இம்முறையாகும்.

பொன் தேடிய மலை

கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் மலைப்பகுதி முன்னாளில் தென்கிழக்கு வயநாடு எனப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்கள் ஓடை மணலை அரித்துப் பொன்துகள் எடுத்து வந்தனர். 1875இல் நிலவியலாளர் வில்லியம் கிங், அங்குள்ள பொன்வயல்களைப் பற்றிய குறிப்பை வெளியிட்டார். 1880இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரௌ சுமித்தின் அறிக்கை வெளிவந்தது. இலண்டனில் நிறுவனங்கள் பல தோன்றின. மலையையே காணாதோரும் பங்குகளை வாங்கினர். ஆனால், பாறையை அரைத்தபோது எதிர்பார்த்த அளவு பொன் கிட்டவில்லை. சில ஆண்டுகளிலேயே நிறுவனங்கள் வீழ்ந்தன.

கோடுகள் பேசும் மொழி

கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை சமஉயரக் கோடுகள். 1:50,000 அளவையில் தாளின் ஒரு சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டர். கோடுகளுக்கிடையே உயர வேறுபாடு 20 மீட்டர் எனக் கொள்வோம். ஒரு சென்டிமீட்டருக்குள் ஆறு கோடுகள் ஏறுமுகமாக அமைந்தால், 500 மீட்டர் தொலைவிற்குள் நிலம் 100 மீட்டர் உயர்கிறது என்பது பொருள். இயந்திரத்தை ஏற்றும் வழி எத்துணைக் கடினம் என்பதைக் கோடுகள் உரைக்கும்; பாறைக்குள் பொன் எவ்வளவு என்பதை உரைக்கமாட்டா.

மறையாத பதிவு

பொன்வேட்கை அடங்கிற்று, தோண்டிய பள்ளங்கள் அடங்கவில்லை. கைவிடப்பட்ட சுரங்கவாய்களைப் புதர் மூடியுள்ளதால், அவை மனிதர்க்கும் விலங்குகட்கும் இன்றும் இடர் விளைவிக்கின்றன. குறித்து வைத்த பள்ளத்தைக் காடு மூடினாலும் தாள் மறைப்பதில்லை. நிலத்திற்கு நாம் செய்ததை மறவாதிருக்கவும் வரைபடம் வேண்டும். உங்கள் ஊரின் தலப்படத்தையும் ஒருமுறை தேடிப் படித்துப் பாருங்கள்.