'20 இன்ச் செயின் கொடுங்க'ன்னு கேட்டா போதுமா? மரம் அறுக்கும் மெஷினுக்கு சரியான பார், செயின் மாட்டுவது எப்படி?

தருமபுரி மாவட்டத்தில் புளிய மரத்துக்கும் மாமரத்துக்கும் பஞ்சமில்லை. காய்ந்த கிளையை வெட்டணும், பட்டுப்போன தென்னையை சாய்க்கணும், மழையில் பாதையில் விழுந்த மரத்தை அகற்றணும் என்றால், முன்பு போல யாரும் கோடாரியைத் தேடுவதில்லை. செயின்சா மெஷின்தான் வருகிறது. சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருக்கும் விவசாயிகளும் இருக்கிறார்கள்.

பிரச்னை தொடங்குவது, முதல் செயின் தேய்ந்து புதுசு வாங்கப் போகும்போதுதான். "20 இன்ச் செயின் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வருவார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒன்று, செயின் பாரை சுற்றி வராது. அல்லது தொளதொளவென்று தொங்கும். இதைவிட மோசமானது, சரியாகப் பொருந்தியது போல உட்கார்ந்துவிட்டு, மரத்தை அறுக்கும்போது கழன்று வருவது.

ஏன் இப்படி ஆகிறது? இன்ச் என்பது பாரின் நீளம் மட்டும்தான். செயினுக்கு அது அளவே இல்லை. செயினுக்கு மூன்று அளவுகள் இருக்கின்றன. மூன்றும் பொருந்தினால்தான் அது உங்கள் மெஷினுக்கான செயின்.

முதல் அளவு: பிட்ச்

செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளைப் பாருங்கள். முதல் ரிவெட்டின் நடுவில் இருந்து மூன்றாவது ரிவெட்டின் நடு வரை அளந்து, அதை இரண்டால் வகுத்தால் வருவதுதான் பிட்ச்.

அதிகம் கிடைப்பவை .325, 3/8 ஆகிய இரண்டும்தான். மூன்று ரிவெட்டுக்கான தூரம் சுமார் 16.5 மி.மீ. வந்தால் அது .325. சுமார் 19 மி.மீ. வந்தால் 3/8, அதாவது கடையில் சொல்லும் 'மூணு பை எட்டு'. பெரிய மெஷின்களில் .404 வரும். கிளை கழிக்கும் சின்ன மெஷின்களில் 1/4 வரும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கு. 3/8-லேயே இரண்டு வகை உண்டு. சின்ன மெஷின்களுக்கான 'லோ புரொஃபைல்' வகை ஒன்று, பெரிய மெஷின்களுக்கான சாதாரண வகை இன்னொன்று. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. கடையில் 3/8 என்று சொல்லும்போது எந்த 3/8 என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

இரண்டாவது அளவு: கேஜ்

செயினின் அடியில் சுறா துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளுக்கு டிரைவ் லிங்க் என்று பெயர். இவைதான் பாரின் பள்ளத்துக்குள் ஓடுகின்றன. இந்த டிரைவ் லிங்க்கின் தடிமன்தான் கேஜ். 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என நான்கு அளவுகள் பரவலாக இருக்கின்றன. இன்ச் கணக்கில் முறையே .043, .050, .058, .063 என்று எழுதியிருக்கும்.

தடிமனான செயினை சின்ன பள்ளத்தில் போட்டால் இறங்காது. அதனால் தப்பு உடனே தெரிந்துவிடும். ஆனால் 1.3 மி.மீ. செயினை 1.5 மி.மீ. பாரில் போட்டால் சுலபமாக உள்ளே போய்விடும். 'அட, பொருந்திடுச்சே' என்று தோன்றும். ஓடும்போது செயின் பக்கவாட்டில் ஆடும், சாயும். அறுப்பு நேராகப் போகாமல் வளையும். செயின் கழன்று வரவும் வாய்ப்பு அதிகம். எளிதாகப் பொருந்துகிறது என்பதற்காக அதுதான் சரியான செயின் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது அளவு: டிரைவ் லிங்க் எண்ணிக்கை

செயினின் நீளத்தை முடிவு செய்வது இதுதான். நம்ம ஊர் கடைகளில் நிறைய விற்கும் 52 சி.சி., 58 சி.சி. சீன மெஷின்களை எடுத்துக்கொள்வோம். இவற்றில் பெரும்பாலும் .325 பிட்ச், 1.5 மி.மீ. கேஜ் செயின்தான் வரும். 18 இன்ச் பாருக்கு 72, 20 இன்ச் பாருக்கு 76, 22 இன்ச் பாருக்கு 86 டிரைவ் லிங்க் என்பது வழக்கம்.

ஆனால் அதே 20 இன்ச், அதே .325 பிட்ச், வேறு கம்பெனி பார் என்றால் 78 வரும், 80-ம் வரும். 3/8 பிட்ச் என்றால் 20 இன்ச் பாருக்கே 72 போதும். '20 இன்ச்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஏன் பொருந்தாமல் போகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

பழைய செயினில் ஒரு லிங்க்கில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து ஒரு சுற்று எண்ணிவிடுங்கள். பல கடைகளில் நீளமான ரோலில் இருந்து வெட்டி, ரிவெட் அடித்துத் தருவார்கள். அப்போதும் இந்த எண்ணிக்கைதான் கணக்கு.

இந்த அளவுகளை எங்கே பார்ப்பது?

பாரை மெஷினில் மாட்டும் அடிப்பகுதியில் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை பொதுவாக அச்சாகியிருக்கும். எண்ணெய் பிசுக்கில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்டு துடைத்துப் பாருங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் அதைக் காட்டினாலே போதும். எழுத்து அழிந்துபோயிருந்தால் பழைய செயினையும் பாரையும் கையோடு எடுத்துப் போவதுதான் பாதுகாப்பு.

ஸ்ப்ராக்கெட்டை மறந்துடாதீங்க

செயினை இழுப்பது மெஷினுக்குள் இருக்கும் ஸ்ப்ராக்கெட். பாரின் நுனியிலும் பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்ப்ராக்கெட் இருக்கும். செயின், மெஷின் ஸ்ப்ராக்கெட், பார் நுனி ஆகிய மூன்றின் பிட்ச்சும் ஒன்றாக இருந்தே ஆகணும். .325-ல் இருந்து 3/8-க்கு மாறணும் என்றால் மூன்றையும் மாற்றணும்.

ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் அரை மி.மீ. ஆழத்துக்கு மேல் தேய்மானத் தடம் விழுந்திருந்தால் புதுசு போடுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புது செயினைப் போட்டால், புது செயினும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பெரிய பார் போட்டா வேலை சீக்கிரம் முடியுமா?

முடியாது. பார் நீளமாக ஆக, என்ஜின் இழுக்க வேண்டிய செயினும் அதிகமாகும். புளி போன்ற கடினமான மரத்தில் வேகம் குறைந்து மெஷின் திணறும். நுனி வரை எண்ணெய் போய்ச் சேராது. நீளமான பாரின் நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் உள்ள கிளையில் இடிக்கலாம். நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் ஒரு நொடிக்குள் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். செயின்சா விபத்துகளில் மிக ஆபத்தானது இதுதான்.

மெஷினோடு வரும் கையேட்டில் எந்த நீள பார் வரை போடலாம் என்று இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம். கம்பெனிக்கு கம்பெனி பாரின் போல்ட் பள்ளம், எண்ணெய் துளை மாறும் என்பதால், நீளம் ஒன்றாக இருந்தாலும் எல்லா பாரும் எல்லா மெஷினுக்கும் சேராது.

மாட்டுவது எப்படி?

1. மெஷினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் கேப்பை கழற்றி விடுங்கள். கையுறை கட்டாயம். செயின் பிரேக்கை ரிலீஸ் செய்யுங்கள்.

2. பாக்ஸ் ஸ்பேனரால் நட்டுகளைக் கழற்றி, பக்க மூடியை எடுங்கள். மரத்தூள், பிசுக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் துளை அடைக்காமல் இருக்கா என்று பாருங்கள்.

3. பாரை போல்ட்டில் வைத்து, செயினை முதலில் ஸ்ப்ராக்கெட்டிலும் பிறகு பார் பள்ளத்திலும் உட்கார வையுங்கள். பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூரான முனை நுனியைப் பார்த்து இருக்கணும். தலைகீழாகப் போட்டால் புகை வரும், மரம் அறுபடாது.

4. டென்ஷன் ஸ்குரூவின் முனை பாரில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார்ந்ததும், மூடியைப் போட்டு நட்டை கையால் மட்டும் முடுக்குங்கள்.

5. பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி டென்ஷன் ஸ்குரூவைத் திருப்புங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி இருக்கணும். அதே சமயம் கையுறை போட்ட கையால் இழுத்தால் சுலபமாக ஓடணும். நுனியைத் தூக்கிப் பிடித்தபடியே நட்டை ஸ்பேனரால் முடுக்குங்கள்.

6. ஆயில் ஊற்றி, பிளக் கேப்பை மாட்டி, மெஷினை ஓட்டி, நுனியை ஒரு வெளிர் நிற அட்டைக்கு நேராகக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். அட்டையில் எண்ணெய் தெறித்தால் சரி.

புது செயின் முதல் சில நிமிடங்களிலேயே தளரும். நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி முடுக்குங்கள். சூடாக இருக்கும்போது முடுக்கினால் அப்படியே விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் தளர்த்தி விடணும். ஆறும்போது செயின் சுருங்கி, பாரையும் என்ஜின் பேரிங்கையும் இறுக்கும்.

பழைய என்ஜின் ஆயிலை ஊற்றலாமா?

பலரும் செய்வதுதான், ஆனால் வேண்டாம். அதில் இருக்கும் இரும்புத் தூளும் அழுக்கும் ஆயில் பம்ப்பையும் பாரையும் தேய்க்கும். செயினுக்கென்றே விற்கும் ஆயில்தான் ஒட்டி நிற்கும். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் திருப்பிப் போட்டால் இருபக்கமும் சமமாகத் தேயும், பாரின் ஆயுளும் கூடும்.

வெட்டும் முன் ஒரு விஷயம்

சாலையோர மரம், புறம்போக்கு மரம் உங்கள் நிலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அரசு நிலத்து மரங்களை வெட்ட மாவட்ட பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை. மலைப்பகுதி கிராமம் என்றால் பட்டா நிலத்து மரத்துக்கும் கட்டுப்பாடு இருக்கலாம். வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

கடைக்குப் போகும் முன் மறுபடி ஒருமுறை: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. ".325, 1.5, 76 லிங்க்" என்று கேட்டால், கடைக்காரர் திரும்பக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்.