முதியோர் கூறும் நலம்

மடல் எழுதும் வழக்கம் மிக்கிருந்த நாளில், ‘நலம், நலமறிய ஆவல்’ என்றே பலரும் தொடங்கினர். அவ்வாறு நலம் வினவப்பெற்ற முதியவர் ஒருவர், எவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து விடை கூறுகிறார்? தம் நோய்களை மட்டுமே எண்ணுகிறார் என்று நாம் கருதினால், அது முழு உண்மை ஆகாது.

சங்க காலத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அவனை நாடிப் பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் வந்தார். முதுமை எய்தியும் அவர் தலை நரைக்காதிருப்பதைக் கண்ட சான்றோர் வியந்து காரணம் கேட்டனர். அவர் உணவையோ மருந்தையோ கூறினாரல்லர். நற்குணம் வாய்ந்த மனைவி, அறிவுடைய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத மன்னன், இவற்றிற்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் வாழும் அடக்கமுடைய பெரியோர் என்று எடுத்துரைத்தார். புறநானூற்றின் 191ஆம் பாட்டு இச்செய்தியைக் கூறுகிறது. கவலையின்மை நரையைத் தடுக்கும் என்பதை இக்கால மருத்துவர் அப்படியே ஒப்பமாட்டார். நாமும் அதனை வற்புறுத்த வேண்டா. தம் நலத்தை அளக்க அப்புலவர் எடுத்துக்கொண்ட அளவுகோலே நாம் கருதத்தக்கது. வாழ்வில் தாம் பெரிதென மதித்தவை நிறைவாக இருந்தன. ஆகவே தாமும் நலமாக இருப்பதாக அவர் உணர்ந்தார்.

இக்கால ஆராய்ச்சியாளரும் முதியோரிடம் இவ்வினாவையே கேட்கின்றனர். கனடா நாட்டின் மானிடோபா மாநிலத்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கேட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அதன் முடிவு 1982இல் வெளிவந்தது. மருத்துவப் பதிவுகள் காட்டிய நோய்நிலையைக் கணக்கில் கொண்டபோதும், ‘நலமில்லை’ என்றவர்களுக்கு, ‘மிக நலம்’ என்றவர்களைவிட விரைவில் இறக்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது. 1997இல் இத்தகைய 27 ஆராய்ச்சிகளை ஒருங்கே நோக்கியோரும், பெரும்பாலானவற்றில் இதனையே கண்டனர். உறக்கம், பசி, தளர்ச்சி ஆகியவற்றை உடலுக்குரியவர் அறிவதுபோல் வேறு யார் அறிவார்?

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில், மணப்பாறையைக் கடந்தால் வருவது வையம்பட்டி. வானம் பார்த்த பூமி மிகுந்த பகுதி அது. அங்கு உழைத்து முதிர்ந்த உழவர் பெரிதென மதிப்பது உழைப்பையே. முழங்கால் நோவு இருப்பினும், தொழுவத்து மாட்டுக்குத் தம் கையால் தீனி இட முடிந்த நாளில் அவர் நலமே என்பார். மக்கள் அன்பு மிகுதியால், “அப்பா, நீங்கள் பேசாமல் உட்காருங்கள்” என்று அவரைத் திண்ணையில் அமர்த்திவிட்டாலோ, அவ்வோய்வே அவருக்குச் சுமையாகிறது. ஓய்வெல்லாம் ஒரு தன்மையது அன்று. மரத்தடியில் ஆடுபுலி ஆட்டம் ஆடுவோர் மெய்வருந்துவதில்லை. ஆயினும் அவர்கள் சோம்பியிருப்பதாக யாரும் கூறார். தோற்றவர் மறுநாளும் வருவார் என்பது உறுதி!

அப்பகுதியைச் சார்ந்த வீரப்பூரில் மாசித் திங்களில் பொன்னர் சங்கர் விழா நடைபெறும். அவ்வீரர் கதையைப் பேரக்குழந்தைக்கு விரித்துரைக்கும் பாட்டி, ஓய்வு நேரத்தைக் கழிப்பதாக நாம் நினைக்கிறோம். அவரோ தம் முன்னோரிடமிருந்து பெற்ற செல்வத்தை ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார். தாம் இன்னும் வேண்டப்படுகிறவர் என்னும் உணர்வு அவருக்கு அதில் கிடைக்கிறது. திருவரங்கத்து வீதியில் பாசுரம் கேட்க நடந்து செல்லும் முதியவருக்கு அவ்வுணர்வு வேறொரு வழியில் வரும். ஒருவருக்கு உகந்த ஓய்வை மற்றவர்மேல் சுமத்துவதால் பயனில்லை.

உடல் நன்றாக இருப்பவரே வெளியே சென்று கூடி மகிழ முடியும் என்று ஒருவர் மறுக்கலாம். அதுவும் மெய்யே, இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன. மேலும், மிகை இரத்த அழுத்தம் பலருக்கு எவ்வித அறிகுறியும் காட்டாது; ‘நலமே’ என்று மனமார உரைப்பவரிடத்தும் அது மறைந்திருக்கும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், இத்தகைய மிகை அழுத்தத்தையும் நீரிழிவையும் வீடு தேடிச் சென்று கண்டறிந்து மருந்தளிப்பதற்கென அமைந்தது.