சூரியக் காற்றும் நமது கடமையும்

ஆனி மாதம் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து புளியறை வயல்களின்மீது வீசத் தொடங்குகிறது. அக்காற்று கொணரும் சாரலை நாடியே குற்றாலத்தில் ஜனங்கள் திரளுகின்றனர். அதை நம்பியே செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துக் குடியானவர்கள் கார் சாகுபடியில் இறங்குகின்றனர். இக்காற்றின் போக்கை அறியாதவர் அவ்வட்டாரத்தில் இலர். ஆயின், பருவமென்பதே இன்றி, ஆண்டு முழுவதும் இரவு பகலாகப் பூமியின்மீது மோதிக்கொண்டிருக்கும் வேறொரு காற்று உண்டு. அது சூரியனிடமிருந்து வருவது. அதைப்பற்றி நம் ஜனங்கள் அறியவேண்டியது அவசியமென்று கருதியே இதனை எழுதுகிறோம்.

சூரியனுக்கும் கிரகங்களுக்கும் இடையேயுள்ள வெளி வெறும் பாழ் என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. வால்நட்சத்திரங்கள் இந்நம்பிக்கையைக் கலைத்தன. அவை சூரியனை நெருங்கும்போதும் விலகும்போதும் அவற்றின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருக்கிறது. ஏதோ ஒன்று சூரியனிடமிருந்து வீசி அவ்வாலைத் தள்ளுகிறது என்று ஜெர்மானிய விஞ்ஞானி பீர்மன் 1951-ல் எடுத்துக்காட்டினார். அதன் காரணத்தை 1958-ல் விளக்கியவர் அமெரிக்கரான யூஜீன் பார்க்கர். சூரியனைச் சூழ்ந்த வாயுமண்டலத்தின் உஷ்ணம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேற்பட்டது. அத்தனை உஷ்ணமுள்ள வாயுவைச் சூரியனது ஈர்ப்பினால் கட்டிவைக்க இயலாது. ஆகவே அது நாற்புறமும் பெருகியோடியே தீரவேண்டும் என்று அவர் கணக்கிட்டார்.

அக்கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர் இருவரும் அதனைப் பிரசுரிக்கத் தகாதென்று தள்ளினர். அப்போது அந்த வானியல் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தவர், சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்ற நம்மவரான சுப்பிரமணியன் சந்திரசேகர். பார்க்கரின் கருத்து அவருக்கும் உவப்பாயில்லை. எனினும், கணக்கில் பிழை இன்னதென்று நிபுணர் எவரும் காட்டாதபோது கட்டுரையைத் தள்ளுவது நியாயமாகாதெனக் கொண்டு அதனை வெளியிட்டார். சாட்சியத்தில் குற்றம் காணாமல் வழக்கைத் தள்ளுவது எந்த நியாயஸ்தலத்திலும் தகாது, சாஸ்திரத்திலும் தகாது. 1962-ல் சுக்கிரனை நோக்கிச் சென்ற மாரினர்-2 விண்கலம் அக்காற்றை இடைவிடாது அளந்து பார்க்கரின் கூற்றை மெய்ப்பித்தது.

இக்காற்றில் மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களும் அவற்றோடு இழுத்துவரப்படும் காந்தப்புலமும் உள்ளன. பூமிக்கருகில் ஒரு கன சென்டிமீட்டரில் சராசரியாக ஐந்தாறு துகள்களே உள்ளன. வேகமோ வினாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வரை. சூரிய ஒளி எட்டு நிமிஷத்தில் நம்மை அடைகிறது. இக்காற்று வந்துசேரச் சுமார் நான்கு நாள் ஆகும். பூமியின் காந்தப்புலம் கவசமாக நின்று இதனை விலக்கிவிடுகிறது. அத்தகைய கவசத்தை இழந்த செவ்வாய், தன் வாயுமண்டலத்தில் பெரும்பகுதியை இக்காற்றுக்குப் பறிகொடுத்தது. இதன் ஆதிக்கமோ கிரகங்களுக்கு அப்பாலும் பரவியுள்ளது; பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 121 மடங்கு சென்ற பின்னரே, 2012 ஆகஸ்டில், வாயேஜர்-1 அதன் எல்லையைக் கடந்தது.

சூரியனில் கொந்தளிப்பு நேர்ந்தால் இக்காற்று புயலாக மாறுகிறது. 1989 மார்ச் 13-ல் அத்தகைய புயலொன்றினால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் அறுபது லட்சம் பேர் மணிக்கணக்கில் மின்சாரமின்றி இருளில் கிடந்தனர். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கிலுள்ள ஹான்லேயின் வானம் இரவில் செந்நிறம் பூண்டது. புயல்மழை பற்றி நம் மீனவருக்கு எச்சரிக்கை வருவதும், தொலைக்காட்சி தெரிவதும், கப்பலும் விமானமும் வழியறிவதும் இன்று செயற்கைக்கோள்களாலேயே. அவற்றுக்கு ஊறு நேர்ந்தால் அது ஏழையின் வீட்டையும் எட்டும்.

இத்துறையில் நம் தேசம் கைகட்டி நிற்கவில்லை. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் உதகமண்டலத்தில் எழுந்த 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி, தூரத்து வானொலி மூலங்கள் சூரியக் காற்றின் ஊடே மினுக்குவதைக்கொண்டு அக்காற்றின் வேகத்தை அளந்துவருகிறது. 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6-ல், பூமியிலிருந்து சூரியன் திசையில் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தன் நிலையை அடைந்தது. மலையாள எல்லையில் புளியறைச் சாவடி நிற்பதுபோல் அது சூரியக் காற்றின் பாதையில் நிற்கிறது. ஆனால் இச்சாவடி எதையும் தடுப்பதில்லை, வருவதை எண்ணிச் சொல்லும். அதனைக் கடந்த காற்று நம்மை அடையச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அவ்வெண்ணிக்கையால் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அந்த ஒரு மணி நேரம். அவ்விடத்தில் முன்னர் இருந்த சாவடிகள் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அமைத்தவை.

இப்பெருங்காரியத்தின் திட்ட இயக்குநராயிருந்தவர் திருமதி நிகர் ஷாஜி. புளியறைக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையில் பிறந்து, அங்குள்ள அரசாங்கப் பள்ளியில் பயின்று, திருநெல்வேலி அரசாங்கப் பொறியியற் கல்லூரியில் தேறி, 1987-ல் விண்வெளி ஸ்தாபனத்தில் சேர்ந்தவர். வாஞ்சியைத் தந்த ஊர் இவரையும் தந்தது. இதில் நாம் பெருமை கொள்வது இயற்கையே. பெருமையோடு நின்றுவிடுவதுதான் தவறு.

வறுமை நீங்காத நாட்டுக்குச் சூரியக் காற்று எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நாம் கூறும் விடை இதுவே: பிறர் தரும் எச்சரிக்கையை நம்பித் தன் மின்சாரத்தையும் தகவலையும் காத்துக்கொள்ளும் தேசம் பூரண சுதந்திரம் பெற்றதாகாது. பல நூறு கோடி ரூபாய் செலவிட்டுப் பெற்ற அறிவு ஜனங்களை எட்டாமற் போவதே உண்மையான விரயம்.

ஆதித்யாவின் விஞ்ஞான அளவைகள் 2025 ஜனவரி முதல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. பூட்டு இல்லை, திறந்த வாயிலில் நுழைய நம் பிள்ளைகளைப் பழக்குவதே மிச்சம். தென்காசி, திருநெல்வேலிக் கல்லூரிகள் இவற்றைத் தங்கள் மாணவர்க்குப் பயிற்சியாக வைக்கவேண்டும். மழை அறிக்கை வருவதுபோல் சூரியப் புயல் அறிக்கையும் எளிய தமிழில் நாள்தோறும் வரவேண்டும். எல்லைப்புறக் கிராமப் பள்ளிகளில் விஞ்ஞானம் போதிக்க ஆசிரியரும் கருவிகளும் குறைவின்றி இருக்கச் சர்க்கார் பார்க்கவேண்டும். ஸ்தலத் தலைவர்கள் இதனை விடாது வற்புறுத்தவேண்டும்.

ஆதித்யாவுக்கு வகுக்கப்பட்ட ஆயுள் ஐந்தாண்டு. அதற்குப்பின் வேறொரு கலம் அங்கே செல்லவேண்டும். அதனை அமைப்போர் இன்று ஏதோ ஒரு கிராமப் பள்ளியின் பலகையில் உட்கார்ந்திருக்கின்றனர். அவர்களுக்குரியதை இன்று கொடாமல் நாளை அவர்களிடம் எதையும் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.