தரவுவகை முரணும் அதன் தீர்வும்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் சாய்ந்தமருதைக் கடந்ததும் காரைதீவை அடைவர். விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் அது. யாழ்ப்பாணத்திலும் காரைதீவு என ஓர் ஊர் இருந்தது. இன்று அது காரைநகர் என வழங்கும். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. இதற்கு மறுதலையாக, பொருள் ஒன்றாயிருக்க அதனை இரண்டெனக் கொள்ளும் மயக்கமும் உண்டு. கணினி நிரல்களில் இவ்விரு மயக்கங்களும் நிகழ்கின்றன. பொறியே ஆக்கித் தரும் நிரல்களில் அவை மிகுதி.

இதனை விளக்குதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய எடுத்துக்காட்டொன்று உளது. இணையச் சேவைகளுக்கான அப்பாச்சி அக்சிஸ்2 என்னும் மென்பொருளின் அடிப்படைகள் 2004 ஆகத்து மாதம் கொழும்பிற் கூடிய நிரலாளராலேயே வகுக்கப்பட்டன. அதன் ஆக்கத்தில் இலங்கைப் பொறியியலாளரின் பங்கு பெரிது. ஒரு சேவை எவ்வகைத் தரவுகளை ஏற்கும், எவற்றைத் திருப்பும் என்பதை எக்ஸ்எம்எல் விவரணத்தில் எழுதிக் கொடுத்தால், அதனுடன் வரும் கருவியொன்று அதற்குரிய ஜாவா வகுப்புகளைத் தானே எழுதிவிடும்.

பாடசாலைச் சேவையொன்றும் நூலகச் சேவையொன்றும் உளவெனக் கொள்வோம். இரண்டின் விவரணங்களும் 'முகவரி' என்னும் ஒரே தரவுவகையைப் பயன்படுத்துகின்றன. கருவி இரண்டு முறை இயக்கப்படுகிறது. வேறு கட்டளை இல்லையெனின், அது தரவு வகுப்புகளை அவ்வச் சேவையின் முகவர் வகுப்பினுள்ளேயே அடக்கி எழுதும். எனவே பாடசாலையின் முகவரி ஒன்று, நூலகத்தின் முகவரி மற்றொன்று என இரு வகைகள் பிறக்கின்றன. உறுப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பினும் பயனில்லை. ஜாவா ஒரு வகையை அதன் உறுப்புகளைக் கொண்டன்று, முழுப்பெயரைக் கொண்டே அறிகிறது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் தொகுப்பான் மறுத்துவிடும்.

இந்நிலையிற் பலரும் உறுப்புறுப்பாகப் பெயர்த்தெழுதும் சிறு நிரலொன்றை இயற்றி அமைதியடைவர். பின்னொரு நாள் முகவரியில் 'மாவட்டம்' என்னும் உறுப்பு சேர்க்கப்படும்; பெயர்க்கும் நிரலில் அது சேராது. தொகுப்பான் குறை கூறாது. அம்பாறைக் காரைதீவுக்குரிய மடல் மாவட்டமின்றிப் புறப்படும். ஆக்கப்பட்ட கோப்பைக் கையால் திருத்துவதோ இதனினும் கேடு. கருவியை மறுமுறை இயக்கியவுடன் திருத்தம் அழிந்துபோம்.

தக்க வழி யாதெனின், முகவரியின் வரையறையைத் தனிக்கோப்பாக்கி, இரு விவரணங்களும் அதனையே சுட்டச் செய்தலாம். பின்னர், வகுப்புகளை முகவரினுள் அடக்காது பிரித்தெழுதுமாறு கருவியைப் பணித்தல் வேண்டும்; அதற்குரிய தெரிவு அக்சிஸ்2 இல் உண்டு. பெயர்வெளி ஒன்றுக்கு இன்ன பொதியென வரையறுக்கும் தெரிவும் உண்டு. இவ்வாறு ஒரே முறை ஆக்கிய வகுப்புகளைத் தனி நூலகப் பொதியாகக் கட்டி, இரு திட்டங்களும் அதனையே சார்ந்திருக்க வேண்டும். ஜாக்ஸ்பி என்னும் பிறிதொரு முறையில், முன்னரே வகுப்பு ஆக்கப்பட்டவை எவை என்பதைக் குறித்துவைக்கும் துணைக்கோப்பொன்று உண்டு. மறுமுறை இயங்கும் கருவி அதனைக் கண்டு அவற்றை விட்டுவிடும்.

பொதிப்பெயரை மட்டும் ஒன்றாக்கி, வகுப்புகளை இரு திட்டங்களிலும் தனித்தனியே ஆக்குதல் போதாதோ எனின், போதாது. முழுப்பெயர் ஒன்றேயான இரு பதிப்புகள் ஒருங்கே வந்தால், முதலில் அகப்படுவதே ஏற்றப்படும். மற்றைப் பதிப்பில் மட்டும் உள்ள செய்முறையை அழைக்கும்போது நிரல் இடைநடுவில் முறிந்துவிழும்.

அக்சிஸ்2 இல் இன்னுமொரு நுட்பம் கவனிக்கற்பாலது. அது ஒவ்வொரு சேவைக்கும் தனி வகுப்பேற்றி ஒன்றை அமைக்கிறது. ஒரே வகுப்பாயினும் இரு ஏற்றிகள் ஏற்றினால் ஜாவா அவற்றை இரண்டெனவே கொள்ளும். அப்போது முகவரியை முகவரியாக மாற்றவியலாது என்று பிழைச்செய்தி வரும். முதன்முறை அதனைக் காண்போர் பொறிக்குப் பித்துப் பிடித்ததோ என ஐயுறுவர். ஜாவாவின் அண்மைப் பதிப்புகள் ஏற்றியின் பெயரையும் உடன் கூறுவதால் இம்மயக்கம் சற்றுக் குறைந்துளது. பொதுவான வகுப்புகளைச் சேவைகளினுள் வையாது, அவை யாவற்றிற்கும் மேலான ஏற்றிக்குரிய நூலகத்தில் வைப்பின் முரண் நீங்கும்.

ஆயினும், சேவைகள் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களுக்கு உரியனவாய்த் தத்தம் வேகத்தில் மாறுவனவாயின், பொது நூலகம் ஒன்று இருவரையும் பிணிக்கும். அங்கே வகைகளை இரண்டாகவே விட்டு, எல்லையில் ஒரேயோரிடத்திற் பெயர்த்தலே நன்று. அவ்விடத்திற்கு ஒரு சோதனை நிரல் எழுதி, புதிய உறுப்பேதும் விடுபட்டால் உடனே பிழை காட்டுமாறு செய்துகொள்ளலாம்.