உள்ளங்காலைக் காட்டும் திரை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்குச் சுகர். ஆஸ்பத்திரியில் டேப்லெட்டில் (டேப்) பாதப் பராமரிப்பு வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். நர்ஸ் வாயால் சொல்வதைவிட அதில் என்ன கூடுதல்?"

தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் புழங்கும் நம் பக்கத்தில், அவரவர் மொழியில் குரலைக் கேட்க முடிவதே பெரிய உதவி. எழுத்தறியாதவரும் புரியாத இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்கலாம். ஆனால் எனக்கு அதில் மிகவும் பிடித்தது, பின்பக்கம் இருக்கும் கேமராதான்.

சுகர் நாள்பட்டால் நரம்புகள் பாதிக்கப்பட்டுப் பாதம் மரத்துப்போகலாம். அப்போது ஆணி ஏறினாலும் வலிக்காது. வலிக்காததால் மனிதர் நடந்துகொண்டே இருப்பார், புண் ஆழமாகும். தொழுநோயிலும் இதே கதைதான். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவது பெரும்பாலும் வலி தெரியாமல் படும் காயங்களால்தான் என்று கண்டுசொன்னார். மரத்த கால்களுக்கென்று மிருதுவான எம்.சி.ஆர். (நுண்துளை) ரப்பர் செருப்பும் இந்த வட்டாரத்தில் புழக்கத்துக்கு வந்தது. வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனை அந்த மரபில் வளர்ந்தது.

இன்று 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இழை பட்டதே தெரியாதவருக்கு வலிக்குப் பதில் கண்தான் காவல். மூட்டுவலிக்காரர் குனிந்து பார்க்க முடியாத உள்ளங்காலை டேப் படமெடுத்து அவர் கையிலேயே கொடுக்கிறது. வெடிப்பு, கொப்புளம், காய்த்த இடம் எல்லாம் பெரிதாகத் தெரியும். அடுத்த முறை வரும்போது பழைய படத்தோடு ஒப்பிடலாம். என் பாட்டி சந்தையில் சட்டி வாங்கும்போது முதலில் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பாள். பாதத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

ஊருக்கெல்லாம் செருப்பும் ஷூவும் தைத்துக் கொடுக்கும் நாம், நம் வீட்டுப் பெரியவர்களின் காலைப் பார்ப்பதில்லை. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதே வாசலில் பாதத்தையும் இரண்டு நிமிடம் பார்த்தால் எத்தனை கால்கள் தப்பும்!

டேப்பைப் பெயரும் எண்ணும் பதிவதற்கு மட்டும் வைத்திருப்பது வீண். கூட்டத்தில் வீடியோவை ஓடவிட்டு நகர்ந்துவிடுவதும் வீண்தான். படம் முடிந்ததும், "தாத்தா, நாளைக்குக் காலையில செருப்பு போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?" என்று கேட்க வேண்டும். "உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பேன்" என்று அவர் வாயால் சொன்னால்தான் பாடம் முடிந்தது. சொல்லவில்லையென்றால் இன்னொரு முறை சொல்லித்தர வேண்டியது நம் பொறுப்பு.