வாங்கெலின் முக்கோண எஞ்சின்

ஓடும் காரின் எஞ்சினுக்குள் பிஸ்டன் என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மேலே போகிறது, நிற்கிறது, கீழே வருகிறது, மறுபடியும் நிற்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 சுற்று சுற்றினால் பிஸ்டன் 8,000 தடவை நின்று திரும்பியாக வேண்டும். சக்கரத்திற்கு வேண்டியதோ சுழற்சி. ஆகவே மேலும் கீழுமான ஓட்டத்தைக் கிராங்குத் தண்டு ஒன்றை வைத்துச் சுழற்சியாக மாற்றுகிறோம். இது சுற்றி வளைத்த வழி அல்லவா? முதலிலிருந்தே சுழலும் எஞ்சினைச் செய்தால் என்ன?

இந்தக் கேள்வி பலரை ஆட்டிவைத்திருக்கிறது. அதற்கு விடை கண்டு, ஓட்டியும் காட்டியவர் பெலிக்ஸ் வாங்கெல் என்னும் ஜெர்மானியர். என்.எஸ்.யூ. நிறுவனத்தில் அவருடைய முதல் எஞ்சின் 1957-ல் ஓடியது.

பின்னர் கார்களில் வந்த அமைப்பு இது: இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற ஓர் அறை. அதனுள் பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று. அது ஒரே மையத்தில் நின்று சுழல்வதில்லை. மையம் விலகி வட்டமிட்டபடியே சுழல்கிறது. அதன் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். எனவே சுழலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகி, விரிந்தும் சுருங்கியும் நகர்கின்றன. உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் நான்கும் அங்கேயே நடந்துவிடுகின்றன. சுழலி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு மூன்று சுற்றுச் சுற்றுகிறது. மூன்று முறை எரிதல் நிகழ்கிறது. வால்வுகள் இல்லை. அதிர்வு மிகக் குறைவு. எடையும் குறைவு.

இவ்வளவு நல்ல எஞ்சின் ஏன் உலகை ஆளவில்லை?

முதல் தொல்லை முனைகளில். பிஸ்டன் வட்டமானது, அதைச் சுற்றி வளையம் மாட்டி வாயுக் கசிவைத் தடுத்துவிடலாம். சுழலியின் முனையிலோ மெல்லிய பட்டை ஒன்றுதான் சுவரைத் தேய்த்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடும்போது அது சுவரைத் தொடும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். பட்டை துடித்துச் சுவரில் வரிவரியாகத் தழும்பு போட்டது. ஜப்பானில் மாஸ்டா பொறியாளர்கள் அதைப் ‘பேயின் நகக்கீறல்’ என்றே அழைத்தார்கள். கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்த பட்டையைச் செய்து, 1967-ல் காஸ்மோ காரை விற்பனைக்கு விட்டார்கள். அதே ஆண்டு வெளிவந்த என்.எஸ்.யூ.வின் ஆர்.ஓ. 80 அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. தேய்ந்த எஞ்சின்களை உத்தரவாதத்தின்பேரில் மாற்றிக் கொடுத்தே நிறுவனம் களைத்தது; 1969-ல் போக்ஸ்வாகனின் கைக்குப் போயிற்று.

முனைத் தேய்மானத்திற்காவது மருந்து கிடைத்தது. எரிபொருள் செலவு அப்படியல்ல. அது வடிவத்திலேயே பிறந்த குறை. சூடான சோறு பானையில் இருந்தால் வெகுநேரம் ஆறாது. இலையில் பரப்பினால் உடனே ஆறிவிடும். வாங்கெல் எஞ்சினில் எரியும் வாயு இலையில் பரப்பிய சோறுதான். நீண்டு தட்டையான அறை, பரப்பு அதிகம். வெப்பம் சுவருக்குள் வீணாகிறது. ஒடுங்கிய மூலைகளுக்குத் தீ எட்டுவதற்குள் கலவையில் கொஞ்சம் எரியாமலே புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. முனைப் பட்டைகளுக்காக விடும் எண்ணெயும் சேர்ந்து எரிகிறது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் வாங்குவோர் கணக்குப் பார்க்கத் தொடங்கினர். ஆர்.ஓ. 80 உற்பத்தி 1977-ல் நின்றது. மாஸ்டா மட்டும் பிடிவாதமாகத் தொடர்ந்தது. 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு சுழலிகள் கொண்ட காரால் வென்றும் காட்டியது. ஆனால் பந்தயத்தில் ஓட்டுபவர் பெட்ரோல் விலையைப் பார்ப்பதில்லையே! கடைசியில் 2012-ல் அதன் ஆர்.எக்ஸ்-8 காரும் நின்றது.

2023-ல் மாஸ்டா இதைத் திரும்பக் கொண்டுவந்தபோது வேலை மாறியிருந்தது. அந்தக் காரில் சக்கரங்களைச் சுழற்றுவது மின்மோட்டார். ஒற்றைச் சுழலி கொண்ட 830 சி.சி. எஞ்சின் மின்சாரம் உண்டாக்குவதோடு சரி. சிறிய இடத்தில் அடங்கும் என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.