மேலே பளபளப்பு! அடியிலே ஓட்டை!

கார் பளபளவென்று நிற்கிறது. புதுப் பெயிண்ட். என்ஜினும் ஒழுங்காக ஓடுகிறது. விலையோ மலிவு!

ஆனால், காருக்கு அடியில் குனிந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அங்கேதான் துரு ஒளிந்திருக்கிறது.

என்ஜினுக்கே ஆபத்து

லான்சியா என்பது இத்தாலி நாட்டுக் கார் கம்பெனி. அது 1972-ம் ஆண்டில் "பீட்டா" என்ற காரை வெளியிட்டது. அழகான கார், வேகமான கார். இங்கிலாந்தில் பலர் ஆசையோடு வாங்கினார்கள்.

சில ஆண்டுகள் சென்றன. பட்டறைக்கு வந்த கார்களில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. என்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது! மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடம் அது.

1980-ம் ஆண்டில் இந்தச் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. ஒரே பரபரப்பு! பழுதான கார்களைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. ஆனாலும் கெட்ட பெயர் போகவில்லை. 1994-ல் லான்சியா இங்கிலாந்தில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது.

துரு எப்படி வருகிறது?

இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகம். குளிர் நாடுகளில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அது காரின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. கடலோர ஊர்களிலோ காற்றிலேயே உப்பு!

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே உள்ள பகுதியும்தான் பாரத்தைச் சுமக்கின்றன. கதவுக்குக் கீழ்ப்பகுதி உள்ளே வெறும் கூடு. தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சேறு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும். துரு உள்ளிருந்து வெளியே தின்று வரும். பெயிண்ட் கொப்புளிக்கும்போது, உள்ளே தகடு மெலிந்திருக்கும்.

அப்படிப்பட்ட கார் மோதினால் என்ன ஆகும்? உடல் நசுங்கும். இருக்கை பெல்ட்டே பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம்.

இங்கிலாந்தில் 3 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. பெல்ட்டும் சக்கரமும் பொருத்தப்பட்ட இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகடு இற்றிருந்தால், கார் தேறாது.

வாங்கும் முன்...

ஓட்டையில் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து விற்பவர்களும் உண்டு. காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், தடித்த பட்டியில் ஒட்டாது.

கால் மிதியை எடுத்துப் பாருங்கள். கீழே ஈரம் இருக்கிறதா? ஜாக்கி வைத்துத் தூக்கியதும் கதவு இறுகுகிறதா? அப்படியானால் சந்தேகப்படுங்கள்.

குடும்பமே ஏறிச் செல்லும் கார் அது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.